பழைய ராக் வானொலி கேசட்டுகள்: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. உள்ளூர் எஃப்.எம். ராக் நிகழ்ச்சிகளை அந்தக் காலத்தில் வீட்டில் பதிவு செய்த கேசட்டுகள் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பாட்டுகள் வேறெங்கும் கிடைத்துவிடும். எனக்கு முக்கியம் நடுவில் வரும் அறிவிப்பாளரின் பேச்சும், நேயர்கள் போன் போட்டுச் சொல்லும் நட்சத்திர வதந்திகளும்தான். பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்ற புரளி 1969 அக்டோபரில் பெரிதாகப் பரவியதே டெட்ராய்ட் வானொலி ஒன்றுக்கு வந்த நேயர் அழைப்புக்குப் பிறகுதான்! அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் யாரும் மறுவெளியீடு செய்யப்போவதில்லை.

கேசட்டுகளை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் டிஜிட்டல் கோப்புகளாக மாற்றுகிறேன். சிக்கல் சி-120 (இரு பக்கமும் சேர்த்து 120 நிமிடம் ஓடும்) கேசட்டுகளில். நாடா மிக மெல்லியது, ஓட்டவே பயமாக இருக்கிறது. நாடாவை வேறு கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டுக்கு மாற்றி ஓட்டலாமா? பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகச் சரிசெய்கிறீர்களா?

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய வதந்திகளை வெட்டாமல் சேமித்து, பொதுவில் மட்டும் விடாமல் வைக்கலாம் என்பது என் எண்ணம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.