கருப்புக் காரின் கிளியர் கோட்டில் மெல்லிய கீறல்கள்

கேள்வி: என் கருப்புக் காரின் பானெட்டில் வெயில் படும்போது மட்டும் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. மறுபடியும் பெயிண்ட் அடிக்காமல் இவற்றை நீக்க முடியுமா?

பதில் 1: நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சிக்கவில்லை என்றால் பாலிஷிலேயே பெரும்பாலும் போய்விடும். ஷாம்பு போட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் துகள்களைக் கிளே பாரால் (களிமண் போன்ற மென்மையான கட்டி) எடுத்த பிறகு, நிழலில், பானெட் சூடில்லாதபோது, மென்மையான ஃபோம் பேடில் மிதமான பாலிஷைச் சிறிதளவு தொட்டு, ஓர் அடிச் சதுரத்தில் மட்டும் முதலில் சோதியுங்கள். அது போதவில்லை என்றால்தான், பாலிஷைவிட அதிகம் தேய்க்கும் காம்பவுண்டுக்குப் போக வேண்டும்.

பதில் 2: ஒன்றைச் சேர்க்கிறேன். பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரைதான், அதாவது சாதாரண அச்சுத் தாளில் ஏறக்குறையப் பாதி. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று, சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவது என்பதால், ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் குறைகிறது. பானெட்டின் விளிம்புகளில் டேப் ஒட்டிவிடுங்கள். புதியவர்களுக்கு ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷ் இயந்திரம் வேண்டாம், சுழன்றுகொண்டே அசையவும் செய்யும் டூயல் ஆக்‌ஷனே பாதுகாப்பு.

கேட்டவர்: வெறும் வாக்ஸ் போட்டால் போதாதா?

பதில் 1: வாக்ஸ் கீறலைச் சில வாரங்கள் மறைக்கும், நீக்காது. காலையில் தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கும் வழக்கம் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.