ஓரத்துல தையல் இருந்தும் சோல் பிரியுது, நிஜ வெல்ட் ஷூன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நடைவண்டி:
ரெண்டு வருஷத்துல மூணு ஜோடி லேஸ் ஷூ போயிடுச்சுங்க, மேல் தோல் நல்லாத்தான் இருக்கு ஆனா முன்னாடி சோல் வாயப் பொளந்துடுது, பசை போட்டு ஒட்டினா ஒரு மாசம் கூடத் தாங்கல. கூடக் கொஞ்சம் காசு போனாலும், சோலைத் தையல் போட்டுச் சேர்க்கிற குட்இயர் வெல்ட் ஷூ வாங்கிடலாம்னு இருக்கேன். ஆனா கடைசியா பிரிஞ்ச ஷூலயும் ஓரம் முழுக்க தையல் இருந்துச்சே, அப்போ அது என்ன?

குத்தூசி:
அது அழகுக்குப் போட்ட தையல் ப்ரோ. தையல் போட்ட பட்டைய ஓரத்துல ஒட்டிவிட்டுடுவாங்க, சோலைப் பிடிச்சிருக்கிறது வெறும் பசை. நிஜ வெல்ட்ல ரெண்டு தையல் உண்டு. மொதல் தையல் இன்சோலுக்கு (உள்ள பாதம் படுற அடித்தோல்) அடியில இருக்கிற விளிம்பு, மேல் தோல், வெல்ட்ங்கிற தோல் பட்டை எல்லாத்தையும் ஒண்ணாக் கோக்கும், இது உள்ளயே மறைஞ்சிடும். ரெண்டாவது தையல் பட்டையையும் அடி சோலையும் மட்டும் சேர்க்கும், நம்ம கண்ணுக்குத் தெரியுறது இதுதான். சோல் தேஞ்சா இந்த ரெண்டாவதை மட்டும் வெட்டிட்டுப் புது சோல் தைக்கலாம், மேல் தோல்ல கை வைக்கவே வேணாம், இத்தனை வருஷம் உழைக்கிறதுக்குக் காரணமே இதுதான்.
வாங்கும்போது ஷூவத் திருப்பிப் பாருங்க, ரப்பர் சோல்னா பெரும்பாலும் அடியில பள்ளத்துக்குள்ள அதே தையல் ஓடும். சில தோல் சோல்ல கீறிவிட்டு உள்ள மறைச்சிருப்பாங்க, அப்போ கடைக்காரர்கிட்ட கேட்டுத்தான் ஆகணும்.

மழைக்காலம்:
கைய உள்ள விட்டும் பாருங்க. இன்சோல் மேல தையல் தட்டுப்பட்டா அது பிளேக், லைமன் பிளேக் 1858-ல பேட்டண்ட் வாங்கின முறை. மெல்லிசா, நல்லா வளையும், மட்டம்னு சொல்ல மாட்டேன், ஆனா தையல் சோல்ல இருந்து நேரா உள்ள வர்றதால ஈரத்துல நடக்கிறவங்களுக்கு வேணாம்.

கார்க்:
வெல்ட் ஷூ மொதல்ல கட்டை மாதிரி விறைப்பாத்தான் இருக்கும், பயந்து கழட்டிப் போட்டுடாதீங்க. நான் சோல் மாத்தக் கொடுத்தப்போ பக்கத்துலயே நின்னேன், பழைய சோலை உரிச்சதும் உள்ள கார்க் நிரப்பியிருந்தது தெரிஞ்சுது, அதுல என் பெருவிரல் குழியும் பாதத்தோட மேடும் அப்படியே அச்சா பதிஞ்சிருந்துச்சு.
இன்னொண்ணு, குட்இயர்னா மெஷின் தையல், ரப்பரைக் கந்தகத்தோட சூடாக்கி உறுதியாக்குற வல்கனைசிங் முறையைக் கண்டுபிடிச்ச சார்லஸ் குட்இயரோட மகன் பேர்ல வந்தது. இப்ப பெரும்பாலும் இன்சோல் அடியில துணி விளிம்பை ஒட்டித்தான் தைக்கிறாங்க. கைத்தையல்னா தடிமனான இன்சோல் தோலையே செதுக்கி விளிம்பு எடுத்து, ஒரே ஓட்டைல ரெண்டு பக்கத்துல இருந்தும் மெழுகு நூல் கோத்து இழுப்பாங்க, அங்க பசையை நம்ப வேண்டியதே இல்ல. தேய்மானம் வெல்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே சோலை மாத்திடுங்க.

நடைவண்டி:
இப்பத்தான் பழைய ஷூவத் திருப்பிப் பார்த்தேன். அடியில தையலே இல்ல, பிரிஞ்ச இடத்துல லேசா இழுத்ததும் அந்தப் பட்டை தையலோட சேர்ந்து கையில வந்துடுச்சு.