செஸ்ட்நட் ஏற்றத்தில் அந்த ஐந்து நிமிடம்

என் 26 அங்குலச் சக்கர மவுண்டன் பைக்கை, அதாவது மலைப்பாதை சைக்கிளை, வாங்கியது 2009-இல். ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னும் பின்னும் அதிர்வைத் தாங்கும் ஷாக். பின்சக்கரம் 120 மில்லிமீட்டர் மேலும் கீழும் அசையும், அதுவும் ஒரே ஒரு பிவட்டில் (அசையும் மூட்டில்). சிங்கப்பூர் செஸ்ட்நட் பூங்காவில் 8.2 கிலோமீட்டர் மவுண்டன் பைக் பாதை வந்ததிலிருந்து ஞாயிறு காலை என்றால் எனக்கு அங்கேதான். இறக்கமெல்லாம் சமாளித்துவிடுவேன். வேர்கள் குறுக்கே கிடக்கும் ஏற்றம்தான் பாடாய்ப் படுத்தும். மிதிக்க மிதிக்க ஷாக் அமுங்கி எழும்பி, பாதிப் பலத்தை அதுவே குடித்துவிடும். ஷாக்கைப் பூட்டினாலோ பின்சக்கரம் வேரில் மோதித் துள்ளும்.

போன மாதம் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு சீன அங்கிள், அறுபதைத் தாண்டியிருப்பார், சீட்டை விட்டு எழாமலே மிதித்து மேலே போய்விட்டார். நான் ஏறி வரும்வரை அங்கேயே நின்றிருந்தார். அவருடைய பைக் ஐபிஸ் நிறுவனத்தின் ரிப்ளி, நான்காம் தலைமுறை. பின்னால் அதே 120 தான்!

"ஓட்டிப் பார்க்கிறாயா?" என்றார். அதோடு விடவில்லை. என் எடையைக் கேட்டு, பையிலிருந்து ஷாக் பம்பை எடுத்துக் காற்றேற்றினார். நான் உட்கார்ந்ததும் ஷாக்கின் ரப்பர் வளையம் எவ்வளவு நகர்கிறது என்று குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினார். முன்பின் தெரியாத எனக்காக அவ்வளவு பொறுமை. அதை மறக்கவே மாட்டேன்.

அதே ஏற்றத்தில் மறுபடி ஏறினேன். மிதித்தால் ஷாக் அசையவில்லை, வேர் வந்தால் மட்டும் சக்கரம் மேலே போய் இறங்கியது. சஸ்பென்ஷன் வடிவமைப்பாளர் டேவ் வீகிளின் டிடபிள்யூ லிங்க் செய்யும் வேலை இது; ஃபிரேமையும் பின்பகுதியையும் இணைக்கும் இரண்டு சிறு கைகள்தான் அந்த லிங்க். மிதிக்கும்போது நம் எடை பின்னால் சாய்கிறது. அதே நேரத்தில் செயின் இழுப்பு பின்சக்கரத்தைக் கீழே தள்ளுவதால் ஷாக் அமுங்காமல் நிற்கிறது. சீட் கோணமும் 76 டிகிரி என்பதால், செங்குத்தான இடத்திலும் முன்சக்கரம் தூக்கவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் போச்சு. ரிப்ளியா, சான்டா குரூஸ் நிறுவனத்தின் டால்பாயா என்று தினமும் இரவு அளவுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான்காம் தலைமுறை டால்பாயும் பின்னால் 120, முன்னால் 130 தான். ஆனால் ரிப்ளியில் இரண்டு லிங்க்கும் ஒரே திசையில் சுழலும், டால்பாயின் விபிபி என்ற அமைப்பில் எதிரெதிராகச் சுழலும். ஹெட் கோணம், அதாவது முன்ஃபோர்க்கின் சாய்வு, ரிப்ளியில் 66.5 டிகிரி, டால்பாயில் சுமார் ஒரு டிகிரி குறைவு. அதனால் டால்பாய் இறக்கத்தில் இன்னும் நிதானமாக இருக்கும். என் தேவை ஏற்றம், அதனால் மனசு ரிப்ளி பக்கமே சாய்கிறது.

இந்த ஊர் மழைக்கும் சேற்றுக்கும் பிவட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. டால்பாயின் கீழ் லிங்க்கில் கிரீஸ் அடிக்கத் துளை இருக்கிறது. ரிப்ளியில் அந்த இடத்தில் பேரிங்கே இல்லை, குண்டுகள் இல்லாத வழவழப்பான வளையமான புஷிங்தான். இரண்டுமே நல்ல யோசனைகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, ஃபிரேமை மட்டும் வாங்கிப் பழைய பாகங்களை மாட்டலாம் என்று கணக்குப் போட்டால் மனசு உடைகிறது. என் பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் 135 மில்லிமீட்டர் அகலம், இவற்றுக்கு 148 வேண்டும். சக்கரம் 29 அங்குலம். என் முன்ஃபோர்க்கின் ஸ்டியரர் (ஹேண்டில்பாரோடு இணையும் குழாய்) நேர்க்குழாய், இதில் கீழே அகன்ற குழாய். கடைசியில் மிஞ்சுவது பிரேக், பெடல், சீட். செகண்ட் ஹேண்ட் ஃபிரேம் என்றால் வாரண்டி கைமாறாது.

வரும் சனிக்கிழமை நண்பர் ஒருவர் தன் டால்பாயோடு சிங்கப்பூரின் உபின் தீவுக்கு வருகிறார். அங்கிருக்கும் கெட்டாம் மவுண்டன் பைக் பாதையில் ஒரு சுற்று ஓட்டத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஷாக் பம்ப் ஒன்று வாங்கிவிட்டேன். 80 கிலோ எடையில் டால்பாய் ஓட்டுகிறவர்கள், ஷாக்கில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள் என்று அதற்குள் சொன்னால் பெரிய உதவி.