இரண்டு மைக்கில் டிரம்ஸ் ஒலிப்பதிவு: சேர்த்துக் கேட்டால் கிக் ஏன் மெலிகிறது?

கேள்வி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில், பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில், தேவாலயப் பாடற்குழுவின் பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்து வருகிறேன். மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும், இரண்டு மைக் மட்டும் செருகக்கூடிய யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஷூர் எஸ்எம் 57 மைக், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் நிறுவிய பழைய மடிக்கணினி ஆகியவையே என்னிடம் உள்ளவை. கண்டென்சரைத் தலைக்கு மேலே உயரத்திலும், 57-ஐக் கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முன்னால் ஓரடி தள்ளியும் வைக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு ட்ராக்கும் குறை சொல்லும்படி இல்லை. சேர்த்து ஒலிக்கவிட்டாலோ, கிக் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் மெலிந்துவிடுகிறது. ஸ்நேர் (முன்னால் இருக்கும் சிறிய டிரம்) எங்கோ தொலைவில் கேட்கிறது. சிம்பல் (உலோகத் தட்டு) மட்டும் காதைக் குத்துகிறது. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் எவ்வளவு கூட்டினாலும் கிக்கின் கனம் திரும்புவதில்லை. எட்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸும் டிரம்ஸ் மைக் தொகுப்பும் வாங்கினால்தான் இது தீருமா என்பதைப் பணம் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் பதில்

தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். தனியாக நன்றாக இருந்து, சேர்ந்தவுடன் மெலிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் இருக்கிறது. ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் நகரும். கிக் மைக்கைவிட மேலே உள்ள மைக் கிக்கிலிருந்து நான்கு அடி கூடுதல் தொலைவில் இருந்தால், அதே அடி அந்த ட்ராக்கில் மூன்றரை மில்லி நொடி பிந்திப் பதிவாகும். இரண்டையும் கலக்கும்போது 140 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழிந்துபோன ஒலியை ஈக்யூவில் எவ்வளவு கூட்டினாலும் வராது, ஏனென்றால் கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

ரீப்பரில் ஒவ்வொரு ட்ராக்கிலும் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். கிக் ட்ராக்கில் அதை அழுத்திப் பாருங்கள், அலை தலைகீழாகும். எந்த நிலையில் அடிவயிற்றில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பாட்டின் ஏதாவது ஒரு கிக் அடியை நன்றாகப் பெரிதாக்கி, இரண்டு ட்ராக்கிலும் அலை முதலில் எழும்பும் இடத்தைப் பார்த்து, கிக் ட்ராக் முழுவதையும் அந்த இடைவெளி அளவுக்குப் பின்னால் தள்ளிக் கேளுங்கள். தள்ளியபின் பொத்தானை மறுபடியும் சோதிக்க வேண்டும், முன்பு சரியாக இருந்த நிலை இப்போது மாறியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் மோனோவில் (இடம், வலம் என்று பிரிக்காமல்) கேட்டே முடிவு செய்யுங்கள்.

57-ஐ ஓரடி தள்ளி வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த மைக் தாழ்ந்த ஒலிகளை இயல்பாகவே குறைத்து வாங்கும். மிக அருகில் வைத்தால் மட்டுமே அந்தக் குறை ஈடாகும். முன்தோலில் துளை இருந்தால் அதன் வழியே உள்ளே நுழைத்து, பெடலின் சுத்தியல் (பீட்டர்) படும் தோலுக்கு நான்கைந்து அங்குலம் இருக்கும்படி வையுங்கள். துளை இல்லையென்றால் முன்தோலைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு தலையணையைத் தோலை லேசாகத் தொடும்படி போடலாம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் ஸ்நேரும் சிம்பலும் அதனால் சீராகிவிடாது. அது அறையின் கோளாறு. கான்கிரீட் கூரைக்கு ஓரடி கீழே மைக் இருந்தால், டிரம்ஸிலிருந்து நேரே வரும் ஒலியும், கூரையில் பட்டு இரண்டடி கூடுதலாகச் சுற்றி வரும் ஒலியும் மைக்கில் மோதி, 280 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஸ்நேரின் உடல் பெரிதும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எனவே மைக்கைத் தாழ்த்துங்கள். சிம்பல்களுக்குக் கீழே, கிக்கின் மேல்விளிம்பை ஒட்டி, ஸ்நேருக்கும் முதல் டாமுக்கும் (கிக்கின் மேலே இருக்கும் டிரம்) இடையே அதை நிறுத்தி ஸ்நேரை நோக்கித் திருப்பினால், ஒரே மைக்கில் செட் முழுவதும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒழுங்காக விழும். கை இடிக்காமல் ஸ்டாண்டைப் பொருத்துவதுதான் பாடு.

கூரையில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவதும், செட்டுக்கு அடியில் தடித்த ஜமக்காளம் விரிப்பதும் கண்கூடாகப் பயன் தரும். முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். அது கனம் குறைந்த காகிதக் கூழ், பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தையும் தடுக்காது, அறைக்குள் முழங்கும் தாழ்ந்த ஒலியையும் உறிஞ்சாது.

சிம்பல் குத்துவதற்கு மைக்கைக் காட்டிலும் கைதான் காரணமாக இருக்கும். மேடையில் பழகிய வாசிப்பில் ஹை-ஹாட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைச் சிம்பல்) ஓங்கி அடிப்பதும் ஸ்நேரை அரைமனதாக அடிப்பதும் பலருக்கும் உள்ள வழக்கம். ஒன்றிரண்டு மைக்கில் பதிவு செய்பவருக்கு ஒலிக்கலவை வாசிக்கும்போதே முடிந்துவிடுகிறது. பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. ஹை-ஹாட்டை மென்மையாகவும் ஸ்நேரை நடுவில் உறுதியாகவும் அடித்து ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, மறுபடி வாசியுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பழைய பதிவிலேயே பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கிக்கில் பாதிக் கனம் உடனே திரும்பிவிட்டது. 57-ஐ உள்ளே வைத்தும், கண்டென்சரைத் தாழ்த்தியும் புதிதாகப் பதிவு செய்யவிருக்கிறேன். இன்னொரு ஐயம். டாம்கள் இடமும் வலமுமாக விரிந்து கேட்க வேண்டுமானால், கைப்பேசியை மூன்றாவது மைக்காகப் பயன்படுத்தலாமா?

மூன்றாம் பதில்

அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், நம்பியிருக்க முடியாது. இன்டர்ஃபேஸுக்கும் கைப்பேசிக்கும் தனித்தனிக் கடிகாரங்கள். தொடக்கத்தில் சரியாகப் பொருத்தினாலும் ஐந்து நிமிடப் பாடலின் முடிவில் சில மில்லி நொடிகள் விலகியிருக்கக்கூடும், சில மில்லி நொடிகள் என்ன செய்யும் என்பதை நீங்கள் இப்போதுதான் கேட்டீர்கள். பாடலின் முன்னும் பின்னும் குச்சிகளை ஒருமுறை தட்டிப் பதிவு செய்துகொண்டால், இரண்டு தட்டும் பொருந்தும்படி கைப்பேசி ட்ராக்கை நீட்டியோ சுருக்கியோ சமாளிக்கலாம். அதன் தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாட்டை அணைக்க முடியாவிட்டால் அந்த உழைப்பும் வீண்.

உண்மையான ஸ்டீரியோ வேண்டுமென்றால், 1960களின் இறுதியில் லண்டனில் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் கையாண்ட முறையைப் பாருங்கள். ஒரு மைக் ஸ்நேருக்கு நேர் மேலே; இன்னொன்று தரை டாமுக்கு அப்பால், அதைவிடச் சற்று உயரத்தில், ஹை-ஹாட்டைப் பார்த்தபடி. இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர். ஸ்நேரின் நடுவில் ஒரு நூலின் முனையை உதவிக்கு வருபவர் விரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையை முதல் மைக்கின் முகப்பு வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது மைக்கின் முகப்பு அந்த முடிச்சைத் தொடும் இடத்தில் நிற்கட்டும். அவர் கிக்குக்கும் ஸ்நேருக்கும் தனி மைக்குகள் வைத்தார். உங்களுக்கு அதற்கு இடமில்லை. கிக் குறைந்தால் அதன் ஒவ்வோர் அடியிலும் முன்பே பதிவான ஒரு கிக் ஒலியை (சாம்பிள்) சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஜோடியாகப் பயன்படும் இரண்டும் ஒரே வகை மைக்குகளாக இருப்பது நல்லது. கண்டென்சரையும் 57-ஐயும் ஜோடி சேர்த்தால் இடமும் வலமும் வெவ்வேறு நிறத்தில் கேட்கும்.

தேவாலயப் பாடல்களுக்கு என் தெரிவு, கிக்கோடு ஒற்றை மைக் என்ற உங்கள் இப்போதைய அமைப்புதான். குரலும் கீபோர்டும் விரிந்து நிற்கும்போது டிரம்ஸ் நடுவில் இருப்பது குறையாகத் தெரியாது. கையில் பணம் இருந்தால் முதலில் ஸ்நேருக்குப் புதுத் தோல் போட்டு, திருகுகள் எல்லாவற்றின் அருகிலும் ஒரே சுருதி கேட்கும்படி இறுக்குங்கள். அடுத்ததாக உங்களிடம் உள்ள அதே கண்டென்சரில் இன்னொன்று. எட்டு மைக் இன்டர்ஃபேஸைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.