ஐசிசியில் வழக்குத்தொடுநர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

ஆலமரத்தடி:
ஹேக் நகரில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் (ஐசிசி) உள்ளமைப்பு குழப்புகிறது. தலைவர், வழக்குத்தொடுநர், பதிவாளர் என மூன்று பெரிய பதவிகள் இருக்கின்றன. இவர்களில் யார் யாருக்கு உத்தரவு போடலாம்? ஒரு வழக்கு எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டித் தீர்ப்புக்கு வருகிறது? வாரண்ட் பிறப்பித்துப் பல ஆண்டுகள் ஆகியும் விசாரணை தொடங்காமல் இருப்பது ஏன்? செய்திகளில் வருவதைத் தாண்டி, விதிகளோடு யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

வாய்தா:
முதலில் ஒன்று. நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்க்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றமும் ஹேக்கில்தான் இருக்கிறது. அது வேறு, இது வேறு. ஐசிசி தனிமனிதர்களை மட்டுமே விசாரிக்கும், ஐ.நா.வின் உறுப்பும் அல்ல.

மேல், கீழ் என்று படம் வரைந்தால் தப்பாகத்தான் வரும். நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனம் நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: தலைமைக்குழு, நீதிபதிகளின் பிரிவுகள், வழக்குத்தொடுநர் அலுவலகம், நிர்வாகத்தைப் பார்க்கும் பதிவகம். எதைப் புலனாய்வு செய்வது, யார் மீது வாரண்ட் கேட்பது என்பதில் வழக்குத்தொடுநருக்குத் தலைவர் உத்தரவிட முடியாது. வழக்குத்தொடுநர் கேட்டதை நீதிபதிகள் மறுக்கலாம். அவர்களுடைய பிடி அவ்வளவுதான். பதிவாளர் மட்டும் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்.

யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 18 நீதிபதிகளையும் வழக்குத்தொடுநரையும் உறுப்பு நாடுகளின் பேரவை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் 9 ஆண்டுகள், மறுமுறை நிற்க முடியாது. நீதிபதிகளில் 6 பேர் 3 ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒரே நாட்டவர் இருவர் இருக்கக் கூடாது. தலைவர், இரு துணைத் தலைவர்கள், பதிவாளர் ஆகியோரை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்குத்தொடுநரை நீக்குவதற்குக்கூட உறுப்பு நாடுகளின் பெரும்பான்மை வேண்டும். நீதிபதிகளால் அது முடியாது.

கோப்புக்கட்டு:
வழக்கின் பாதையை நான் சொல்கிறேன். கோப்பு திறக்க மூன்று வழிகள்: உறுப்பு நாடு அனுப்பலாம், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அனுப்பலாம் (சூடானின் டார்ஃபர் 2005, லிபியா 2011), அல்லது வழக்குத்தொடுநர் தானாகவே தொடங்கலாம். மூன்றாவது வழியில் மட்டும் முன்விசாரணை அமர்வின் (விசாரணைக்கு முந்தைய கட்டங்களைப் பார்க்கும் நீதிபதிகள்) அனுமதி கட்டாயம். இந்தக் கட்டத்தில் கோப்பு ஒரு மோதலைப் பற்றியதுதான், ஆளைப் பற்றியது அல்ல.

அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஆதாரத்தின் அளவுகோல் ஏறிக்கொண்டே போகும். வாரண்டுக்கு, நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். ஆள் வந்த பின் குற்றச்சாட்டை உறுதிப்படுத்தும் விசாரணை நடக்கும். அங்கே வலுவான காரணம் வேண்டும். தண்டிக்க, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். முதல் இரண்டையும் முன்விசாரணை அமர்வு பார்க்கும். அதன் பின் வேறு 3 நீதிபதிகள் கொண்ட விசாரணை அமர்வு, மேல்முறையீட்டில் 5 பேர்.

பல வழக்குகள் சரிவது இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில்தான். ஐவரி கோஸ்ட் முன்னாள் அதிபர் லாரன்ட் பாக்போ வழக்கில், 2013-ல் நீதிபதிகள் ஆதாரம் போதாது என்று கூடுதலாகக் கேட்டார்கள். 2014-ல் குற்றச்சாட்டு உறுதியானது, 2016-ல் விசாரணை தொடங்கியது. 2019 ஜனவரியில், எதிர்த்தரப்பு தன் சாட்சிகளை அழைக்கும் முன்பே விடுதலை. முதல் எச்சரிக்கை எப்போது வந்தது என்று கவனியுங்கள்.

ஆலமரத்தடி:
நன்றி, பாதை புரிந்தது. ஆள் வரவே இல்லையென்றால்? அவர் இல்லாமலே விசாரிக்க முடியாதா?

வாய்தா:
முடியாது. 63-வது பிரிவுப்படி குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையில் இருந்தாக வேண்டும். குற்றச்சாட்டை உறுதிப்படுத்தும் கட்டத்தை மட்டும் அவர் இல்லாமல் நடத்த விதிவிலக்கு உண்டு. உகாண்டாவின் கிளர்ச்சித் தலைவர் ஜோசப் கோனி மீது 2005-ல் வாரண்ட் பிறப்பித்து, அந்த விசாரணையை 2025 செப்டம்பரில்தான் அவர் இல்லாமல் நடத்தினார்கள். அவர் பிடிபட்டால்தான் அடுத்த படி.

நீதிமன்றத்துக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. கைது செய்து ஒப்படைப்பது நாடுகளின் வேலை. ஐசிசி வாரண்ட் நிலுவையில் இருந்த அப்போதைய சூடான் அதிபர் பஷீர் 2015-ல் மாநாட்டுக்காக உறுப்பு நாடான தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டு நிம்மதியாக ஊர் திரும்பினார். அந்நாடு கடமை தவறியது என்று நீதிபதிகள் 2017-ல் சொன்னார்கள், சொன்னதோடு சரி.

சான்றாவணம்:
எல்லாத் தாமதத்துக்கும் நாடுகளைக் குறை சொல்லிவிட முடியாது, உள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கைப் பாருங்கள், நீதிமன்றத்தின் முதல் விசாரணை அது.

54-வது பிரிவின் ஒரு விதி, வெளியே காட்டமாட்டேன் என்ற உறுதியோடு ஆவணம் வாங்க வழக்குத்தொடுநரை அனுமதிக்கிறது. ஆனால் அதை வைத்துப் புதிய ஆதாரத்தைத் தேடிக்கொள்வதற்கு மட்டும். லுபாங்கா வழக்கில் அதையே வழக்கமாக்கி, பெரும்பாலும் ஐ.நா.விடமிருந்து, 200-க்கும் மேற்பட்ட ஆவணங்களைச் சேர்த்துவிட்டார்கள். அவற்றில் லுபாங்காவுக்குச் சாதகமாக அமையக்கூடியவையும் இருந்தன. சாதகமானதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 67-வது பிரிவு. கொடுக்க ஐ.நா. சம்மதிக்கவில்லை, நீதிபதிகளுக்குக்கூடக் காட்ட முடியவில்லை. 2008 ஜூனில், தொடங்கும் தறுவாயில் இருந்த விசாரணையையே நிறுத்தி வைத்தார்கள். நீதிபதிகள் பார்க்க வழி பிறந்த பிறகு, 2009 ஜனவரியில்தான் தொடங்கியது. 2010-ல், சாட்சிகளைத் தேட உதவிய ஓர் இடைத்தரகரின் அடையாளத்தைச் சொல்ல வழக்குத்தொடுநர் மறுத்ததால் மீண்டும் நிறுத்தினார்கள். மேல்முறையீட்டில் அது நீங்கியது. 2012 மார்ச்சில் தீர்ப்பு, பிறகு 14 ஆண்டு தண்டனை.

சாட்சிகள் கலைவது இன்னொரு பெரிய ஓட்டை. கென்யாவின் அப்போதைய துணை அதிபர் ரூட்டோவின் வழக்கு 2016-ல் அப்படித்தான் முடிந்தது. சாட்சியைக் கலைப்பதே 70-வது பிரிவில் தனிக் குற்றம். காங்கோவின் முன்னாள் துணை அதிபர் பெம்பாவும் அவருடைய வக்கீலும் அதில் தண்டிக்கப்பட்டார்கள். பிரதான வழக்கில் பெம்பா 2018-ல் 3-க்கு 2 என்ற கணக்கில் விடுதலையானது தனிக் கதை.

கோப்புக்கட்டு:
பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வசதியில்லாத, குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குப் பதிவகம்தான் சட்ட உதவி நிதியிலிருந்து கொடுக்கிறது. வக்கீல் பதிவகத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கு 10 ஆண்டு அனுபவமும், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சரளமும் தேவை. ஆனால் வாதத்தில் பதிவாளர் தலையிட முடியாது. பாதிக்கப்பட்டோரும் தங்கள் வக்கீல் வழியாகப் பங்கேற்கலாம்.

செலவின் பெரும்பகுதி உறுப்பு நாடுகளின் சந்தா. 2025 தொடக்கத்தில் 125 நாடுகள். பாக்கி இரண்டு ஆண்டுச் சந்தா அளவுக்கு ஏறினால் பேரவையில் வாக்குரிமை போகும். வேடிக்கை என்னவென்றால், டார்ஃபரையும் லிபியாவையும் அனுப்பி வைத்த பாதுகாப்பு கவுன்சில், செலவை ஐ.நா. ஏற்காது என்று அதே தீர்மானங்களில் எழுதி வைத்துவிட்டது. ஆக, அந்தப் புலனாய்வுகளின் செலவும் உறுப்பு நாடுகளின் தலையில்தான்.

ஆலமரத்தடி:
கடைசியாக ஒன்று: தண்டனையை எங்கே அனுபவிப்பார்கள்?

வாய்தா:
ஹேக்கின் ஸ்கெவெனிங்கன் பகுதிச் சிறையில் இருப்பது விசாரணைக் காலக் காவல்தான். தண்டனைக்கு, ஏற்க முன்வந்த நாடுகளின் பட்டியலிலிருந்து ஒன்றை நீதிமன்றம் தேர்ந்தெடுக்கும். அதிகபட்சம் 30 ஆண்டு, மிகக் கொடிய குற்றமானால் ஆயுள். மரண தண்டனை கிடையாது. லுபாங்காவை 2015 டிசம்பரில் அவருடைய சொந்த நாடான காங்கோவின் சிறைக்கே அனுப்பினார்கள். அங்கே இருந்தாலும் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் ஹேக்கிடம்தான். மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் நீதிமன்றம் அதை மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.