பேக்லோஃபெனுக்கு ஜிபி1 அசையவே மாட்டேங்குது. எங்கே தப்பு?

செம்பருத்தி:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஹெச்இகே 293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்களில், காபா என்ற நரம்புச் செய்திப்பொருளை உணரும் காபா-பி ரிசெப்டரின் ஜிபி1 புரதத்தை உருவாக்கும் பிளாஸ்மிடைப் (வளைய டிஎன்ஏ) போட்டேன். ரிசெப்டரின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது ஜி-புரதம்; அதில் ஜிஐ வகையின் சிக்னலைக் கால்சியம் பக்கம் திருப்பிவிடும் கலப்பு ஜி-புரதமும் கூடவே இருக்கிறது. இந்த ரிசெப்டரைத் தூண்டும் மருந்தான பேக்லோஃபெனை 100 மைக்ரோமோலார் வரை ஏற்றியும் கால்சியம் கோடு தட்டையாகத்தான் ஓடுகிறது. புரதம் உருவானதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஜிபி1 பட்டை பளிச்சென்று விழுகிறது. மருந்தை இரண்டு முறை புதிதாகக் கரைத்துப் பார்த்துவிட்டேன். யாராவது வழி சொல்லுங்கள்.

நுண்குழல்:
ஏடிபி விட்டுப் பார்த்தீங்களா? ஹெச்இகே செல் அதுக்குத் தானாவே கால்சியம் காட்டும். ஆனா அது கால்சியத்தைக் காட்டுற சாயம் நல்லா இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். கலப்பு ஜி-புரதத்தைச் சோதிக்க டோபமின் டி2 மாதிரி ஜிஐ ரிசெப்டர் ஒண்ணு போட்டுப் பாருங்க.

செம்பருத்தி:
இரண்டும் செய்தேன் அண்ணா. ஏடிபிக்கும் வருகிறது, டி2-வுக்கும் நன்றாக வருகிறது. இன்னொன்றும் பார்த்தேன். ஜிபி1-இன் வெளிமுனையில் ஹெச்ஏ டேக் (எதிர்ப்பொருளால் கண்டுபிடிக்கும் சிறு அடையாளத் துண்டு) இருக்கிறது. செல்லைத் துளையிட்டுச் சாயமேற்றினால் ஒளிர்கிறது, துளையிடாமல் ஏற்றினால் ஒன்றுமே தெரியவில்லை.

பழைய பைப்பெட்:
அம்மா, ஜிபி1-இன் ஜோடிப் புரதமான ஜிபி2 போட்டீங்களா? உங்க பதிவில் அந்தப் பேரே இல்லை.

நீங்க பார்த்த அந்தச் சாயச் சோதனையிலேயே பாதி விடை இருக்கு. ஜிபி1 உருவாகுது, ஆனா செல்லின் மேற்பரப்புக்கு வரலை. அதன் உள்முனை வாலில் ஆர்ஜினின், செரின், ஆர்ஜினின், ஆர்ஜினின்னு நாலு அமினோ அமிலம் வரிசையா இருக்கு. புரதம் தயாராகிற அகப்பிளாச வலையிலேயே அதைப் பிடிச்சு வைக்கிற அடையாளம் அது. ஜிபி2-வின் வால் வந்து முறுக்கிக்கொண்டு அந்த இடத்தை மறைச்சாத்தான் வெளியே விடும்.

உங்களுக்கு முன்னாலேயே இதே இடத்தில் தடுக்கி நின்னவங்க உண்டு. 1997-இல் ஜிபி1-ஐக் குளோன் பண்ணினப்ப, எதிர்மருந்துகள் அதில் நல்லா ஒட்டின. தூண்டுமருந்துகளோ மூளைத் திசுவில் ஒட்டுற அளவுக்கு ஒட்டலை, சிக்னலும் சரியா வரலை. அடுத்த வருஷமே, 1998-இல், தனித்தனிக் குழுக்கள் ஜிபி2-வைக் கண்டுபிடிச்சு ரெண்டையும் சேர்த்துப் போட்டாங்க. அப்பதான் மூளையில் இருக்கிற ரிசெப்டர் தட்டுக்கு வந்தது.

செம்பருத்தி:
மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். மேற்பரப்புக்கு வராததுதான் சிக்கல் என்றால், அந்த நாலு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு ஜிபி1-ஐ மட்டும் வைத்து ஓட்டலாமா? ஒரு பிளாஸ்மிட் மிச்சமாகும்.

பழைய பைப்பெட்:
மேலே வரும், ஆனா வேலை செய்யாது. அதைச் செய்து பார்த்திருக்காங்க.

மருந்தைப் பிடிக்கிறது ஜிபி1. ஜி-புரதத்தை உசுப்பறது ஜிபி2. காபாவும் பேக்லோஃபெனும் ஜிபி1-இன் வெளிப்பகுதியில், பூச்சியைப் பிடிக்கிற செடியின் இலை மாதிரி மூடுற இடத்தில் உட்காரும். ஜிபி2-விலும் அதே மாதிரி இலை இருக்கு, ஆனா அதில் காபா ஒட்டாது. அது பக்கத்தில் இருந்தாலே ஜிபி1 தூண்டுமருந்தை இன்னும் இறுக்கமாப் பிடிக்கும்.

மருந்தியலுக்கு இது ஏன் முக்கியம்னா, இலக்கு ஒரு புரதம் இல்லை, ஜோடி. 2020-இல் வந்த ரிசெப்டர் கட்டமைப்புப் படங்களில், ஜிஎஸ்39783 மாதிரி, தூண்டுமருந்தின் வேலையைக் கூட்டுற துணைத்தூண்டி மருந்துகள் ரெண்டு புரதங்களின் ஆறாம் சவ்வுச்சுருளும் சந்திக்கிற இடுக்கில் உட்கார்ந்திருக்கு. ஜிபி1-ஐ மட்டும் வைத்து மருந்து தேடினா அந்த இடுக்கே கிடைக்காது. ஒத்தைத் தலைவலி மருந்துகளிலும் இதே கதைதான். சிஎல்ஆர் ரிசெப்டரோடு ராம்ப்1 என்ற துணைப்புரதம் சேர்ந்தா, ஒத்தைத் தலைவலியில் பங்குள்ள சிஜிஆர்பியின் ரிசெப்டர், ராம்ப்2 சேர்ந்தா அட்ரினோமெடுலின் ரிசெப்டர். அந்தத் தலைவலிக்கான ஜெபன்ட் மருந்துகள் சிஎல்ஆரும் ராம்ப்1-உம் சேருகிற இடத்தில்தான் ஒட்டும்.

கரும்பலகை:
அப்ப எல்லா ஜிபிசிஆரும் (ஜி-புரதத்தோடு இணையுற ரிசெப்டர்கள்) ஜோடியாத்தான் இருக்கும்னு எடுத்துக்கலாமா? என்கிட்ட ஏ வகுப்பு ரிசெப்டர் ரெண்டு ஒண்ணா இழுபட்டு வந்த பட்டை இருக்கு.

பழைய பைப்பெட்:
தயவுசெய்து அதை மட்டும் வைத்து எழுதிடாதீங்க. காபா-பி சி வகுப்பு. ஏ வகுப்பில் பீட்டா2 அட்ரினர்ஜிக் ரிசெப்டரைத் தனி ஒன்றாக ஒரு கொழுப்புத் துகளில் அடைத்து வைத்தும் ஜி-புரதத்தை இயக்கியது. அது 2007-லேயே வந்த ஆய்வு. அளவுக்கு மீறிப் புரதம் போட்டா, நெரிசலில் எதுவும் எதோடும் உரசும். கரைக்கும்போது ஒட்டிக்கிட்டு வந்ததும் பட்டையாத் தெரியும். ரெண்டு புரதம் நெருங்கி இருந்தா ஒளி ஆற்றல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுற பிஆர்இடி சோதனையில், அந்த ஆற்றலை வாங்குற புரதத்தின் அளவைப் படிப்படியா ஏற்றி, சிக்னல் ஒரு இடத்தில் நிறையுதான்னு பாருங்க. நேர்கோடா ஏறிக்கிட்டே போனா அது வெறும் நெரிசலா இருக்கலாம். தொடர்பில்லாத சவ்வுப் புரதம் ஒண்ணையும் கட்டாயம் சேர்த்து ஓட்டுங்க.

செம்பருத்தி:
பக்கத்து ஆய்வகத்தில் ஜிபி2 வாங்கி இரண்டையும் சம அளவில் போட்டேன். துளையிடாத செல்லிலும் ஹெச்ஏ ஓரமெல்லாம் ஒளிர்கிறது. 10 மைக்ரோமோலார் பேக்லோஃபெனுக்கே கால்சியம் எழும்பிவிட்டது! ஜிபி2 மட்டும் போட்ட குழியும் ஜிபி1 மட்டும் போட்ட குழியும் தட்டை. திங்கள்கிழமை முழு டோஸ் வளைவு எடுக்கிறேன், படத்தை இங்கேயே போடுகிறேன்.