புது டூயல் பேண்ட் ரௌட்டர் போட்டும் நெட் வரவில்லை. மாடியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் நிற்கவில்லை: உதவி தேவை

பாளை கணக்கு டீச்சர்:
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்களுடையது மாடி வீடு. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஃபைபர் ஒயர் வந்து சேரும், நிறுவனம் கொடுத்த ஓஎன்டி பெட்டி கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. அதில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். சாயங்காலம் மாடி அறையிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். பாதி வகுப்பில் என் குரல் வெட்டி வெட்டிப் போகிறது என்கிறார்கள். பொதுத்தேர்வு நெருங்குகிறது, இப்படியே விட முடியாது என்று, 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் வைஃபை தரும் டூயல் பேண்ட் ரௌட்டர் ஒன்று வாங்கினேன். பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருக்கிறது.

ஓஎன்டியின் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டிலிருந்து புது ரௌட்டரின் நீல நிற வேன் (வெளியிலிருந்து நெட் வரும்) போர்ட்டுக்கு, கூடவே வந்த ஒயரைச் செருகினேன். இரண்டும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில்தான். வைஃபை பெயர் போனில் தெரிகிறது, சேரவும் செய்கிறது. ஆனால் நெட் இல்லை. இன்டர்நெட் விளக்கு ஆரஞ்சிலேயே நிற்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் என் போனில் சில நேரம் வரும், சில நேரம் மறைந்துவிடும். அத்தையின் போனில் வரவே இல்லை. மோட்டாருக்குப் போட்ட ஸ்மார்ட் சுவிட்சும் புது வைஃபையில் சேர மறுக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அடையாறு நெட்வொர்க்:
டீச்சர், நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. முதலில் நெட்டைக் கொண்டுவருவோம். வைஃபை பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். ஒரு லேப்டாப்பைப் புது ரௌட்டரின் லேன் போர்ட்டில் ஒயர் போட்டு இணையுங்கள். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் முகவரி, லேன் முகவரி என்று இரண்டு இருக்கும். இரண்டையும் அப்படியே இங்கே எழுதுங்கள். 192.168 என்று தொடங்கினால் அது வீட்டுக்குள் புழங்கும் முகவரிதான், பொதுவில் சொல்வதால் ஆபத்து இல்லை.

பாளை கணக்கு டீச்சர்:
வேன் 192.168.1.5. லேன் 192.168.1.1.

அடையாறு நெட்வொர்க்:
அதுதான் காரணம். உங்கள் ஓஎன்டியின் முகவரியும் அநேகமாக 192.168.1.1 ஆகத்தான் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் கொடுத்த மாதிரி. வெளியே அனுப்பவேண்டிய தகவலை ஓஎன்டியிடம் கொடுக்காமல், அந்த முகவரி தன்னுடையதுதான் என்று ரௌட்டர் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சில ரௌட்டர்கள் இந்த மோதலைத் தாங்களே கண்டுபிடித்து முகவரியை மாற்றிக்கொள்ளும். உங்களுடையது மாற்றவில்லை.

இரண்டு வழி உண்டு. ரௌட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றினால் உடனே நெட் வரும். ஆனால் ஓஎன்டி ஒருமுறை, ரௌட்டர் ஒருமுறை என்று முகவரி மாற்றம் இரண்டு தடவை நடக்கும். வகுப்பு எடுக்க அது தொந்தரவில்லை. கீழே ஓஎன்டி வைஃபையில் இருக்கும் பிரிண்டரை மாடியிலிருந்து தேடினால்தான் கிடைக்காது. நான் சொல்வது இரண்டாவது வழி: ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். முகவரி கொடுக்கும் வேலை முழுக்க ஓஎன்டியிடமே இருக்கும், புதுப் பெட்டி வைஃபை மட்டும் கொடுக்கும்.

ஓசூர் இரவு ஷிப்ட்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஓஎன்டியை, தகவலைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் மோடில் போட்டுவிட்டுப் புது ரௌட்டரிலேயே பிபிபிஓஇ (கம்பெனி கொடுத்த பெயர், கடவுச்சொல்லில் இணையும் முறை) டயல் செய்வதுதான் சுத்தமான வழி. கம்பெனி கொடுக்கும் பெட்டிகளில் பல, கருவிகள் அதிகமானால் திணறும். நல்ல ரௌட்டர் வாங்கிவிட்டு அதை வெறும் ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவானேன்?

அடையாறு நெட்வொர்க்:
தம்பி, பிரிட்ஜ் நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு பிபிபிஓஇ பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும், விலான் எண் (ஒரே ஒயரில் ஓடும் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) வேண்டும். பல ஓஎன்டிகளில் அந்த மாற்றத்தைக் கம்பெனிதான் செய்துதர வேண்டும். டீச்சர், ஓஎன்டியில் லேண்ட்லைன் போன் செருகியிருக்கிறதா?

பாளை கணக்கு டீச்சர்:
ஆமாம் சார். அத்தை அதில்தான் பேசுவார்கள், அது நின்றால் வீட்டில் பெரிய பிரச்சினையாகும்.

அடையாறு நெட்வொர்க்:
அப்படியானால் பிரிட்ஜ் வேண்டாம். தவறாகச் செய்தால் குரல் இணைப்பும் சேர்ந்து போகும். தேர்வு நேரத்தில் அந்தச் சோதனை எதற்கு?

ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய முகவரியில் அதன் பக்கம் திறக்காது. பலர் இந்த இடத்தில் பயந்துபோய் ரீசெட் அடித்துவிடுவார்கள். ரௌட்டருக்கு இப்போது ஓஎன்டி ஒரு புது முகவரி கொடுத்திருக்கும், அவ்வளவுதான். ஓஎன்டி பக்கத்தில் இணைந்த கருவிகள் பட்டியலைப் பார்த்தால் தெரியும்.

படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் மாடலில் ஆக்சஸ் பாயின்ட் மோடே இல்லையென்றாலும் செய்யலாம். லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, ஓஎன்டி ஒயரை வேன் போர்ட்டில் போடாமல் லேன் போர்ட் ஒன்றில் போடுங்கள்.

பாளை கணக்கு டீச்சர்:
நெட் வந்துவிட்டது சார், ரொம்ப நன்றி! ஹாலில் 5 ஜிகாஹெர்ட்ஸில் 180-க்கு மேல் காட்டுகிறது. மாடிக்குப் போனால் அந்தப் பெயர் மங்கி மறைகிறது, 2.4 மட்டும் ஒரு கோடு நிற்கிறது. வாங்கியது வீணா?

தேனி ஒயர்மேன்:
வீணில்லை அக்கா, இடம்தான் சரியில்லை. நடுவில் கம்பி போட்ட கான்கிரீட் தளம் இருக்கிறது. 2.4 அதைத் தாண்டி ஓரளவு வரும், 5 ரொம்பவே அடிபடும். எந்த ரௌட்டர் வாங்கினாலும் இதே கதைதான். ஹாலில் ஓஎன்டி பக்கத்திலேயே இன்னொரு பெட்டியை வைப்பதில் என்ன பயன்? வகுப்பு நடக்கும் அறைக்கே ரௌட்டரைக் கொண்டுபோங்கள். கீழிருந்து மேலே ஒரு லேன் ஒயர் இழுத்தால் போதும். வீடு கட்டும்போது பைப்புக்குள் ஏதாவது விட்டுவைத்தார்களா பாருங்கள். கரண்ட் ஒயர் ஓடும் பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்காதீர்கள், அது பாதுகாப்பு இல்லை.

பாளை கணக்கு டீச்சர்:
மாடிச் சுவரில் டிவி கேபிள் பாயின்ட் பக்கத்தில் நெட் பாயின்ட் ஒன்று இருக்கிறது தம்பி, எலக்ட்ரீஷியன் அப்போதே போட்டது. அதில் செருகி ரௌட்டரை மேலே வைத்துவிட்டேன். சிக்னல் முழுதாக இருக்கிறது. ஆனால் வேகம் 94-ஐத் தாண்டவே இல்லை. வைஃபையில் பார்த்தாலும் 94, லேப்டாப்பை ஒயரில் போட்டாலும் 94.

தேனி ஒயர்மேன்:
94 என்று சொன்னதுமே தெரிந்துவிட்டது. அது 100 எம்பிபிஎஸ் லிங்கில், பொட்டலங்களின் தலைப்புச் செலவு போக மிஞ்சும் வேகம். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு ஒயருக்குள் இருக்கும் எட்டு இழையும் சேரவேண்டும். நாலு இழை சேர்ந்தாலே 100-இல் ஓடிவிடும், அதனால் கோளாறு என்று யாருக்கும் தோன்றாது. ரௌட்டர் போர்ட் 10/100 மட்டும்தானா, 10/100/1000-ஆ என்று முதலில் பெட்டியில் பாருங்கள். ஏசி1200 என்று விற்கும் மலிவு மாடல்கள் சிலவற்றில் 100 போர்ட்தான் வைத்திருப்பார்கள். வாங்கும் முன் பார்க்கவேண்டியது அந்த வரியைத்தான். 1200 என்பது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டிப் போட்ட காகிதக் கணக்கு. எந்த ஒரு போனுக்கும் அந்த வேகம் வராது.

பாளை கணக்கு டீச்சர்:
பெட்டியில் 10/100/1000 என்று இருக்கிறது. ஹாலில் 180 வந்ததே, அப்போது போர்ட்டில் குறை இருக்க முடியாது. சுவர் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். பழுப்பு ஜோடியும் நீல ஜோடியும் மாட்டாமல் சும்மா சுருட்டி விடப்பட்டிருக்கின்றன.

தேனி ஒயர்மேன்:
சரியாகப் பிடித்துவிட்டீர்கள் அக்கா. ஒயரின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். கேட் 5ஈ அல்லது கேட் 6 என்றால் அதே ஒயர் போதும். கிரிம்பிங் டூல் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு இரண்டு முனையையும் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. கிளிப் கீழ்ப்பக்கம், பொன் நிறத் தகடு உங்களைப் பார்த்து இருக்கும்போது இடமிருந்து வலம் இது. இரண்டு முனையும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். அடித்து முடித்ததும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஓசூர் இரவு ஷிப்ட்:
5 ஜிகாஹெர்ட்ஸ் வந்து வந்து மறைவதற்கு நான் சொல்கிறேன். சேனல் ஆட்டோவில் இருக்கும். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடாருக்குத்தான் முதல் உரிமை. அதில் உட்காரும் முன் ரௌட்டர் குறைந்தது 60 விநாடி அமைதியாகக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். நடுவில் ரேடார் போல ஏதாவது கேட்டால் சேனலை விட்டு உடனே வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் பெயர் மறையும். நாடு என்ற இடத்தில் இந்தியா என்று வைத்து, சேனலை 36 அல்லது 149 என்று நிலையாகப் போடுங்கள். அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 5 ஜிகாஹெர்ட்ஸில் இவ்வளவு சேனல்கள் உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டதே 2018-இல்தான்.

அத்தையின் போன் ரௌட்டர் பக்கத்திலேயே 5-ஐக் காட்டவில்லை, சேனலை மாற்றியும் வரவில்லை என்றால் அந்த போனில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வசதியே இல்லை. 2.4-இல் இருக்கட்டும். லேண்ட்லைனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடையாறு நெட்வொர்க்:
கூடவே 2.4-ஐயும் பாருங்கள். கீழே ஓஎன்டி, மேலே ரௌட்டர் என்று இப்போது இரண்டு பெட்டிகள் 2.4-இல் பேசுகின்றன. ஒன்றை 1-லும் மற்றொன்றை 11-லும் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அக்கம்பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்பதை வைஃபை அனலைசர் செயலியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மோட்டார் சுவிட்சுக்கு: இந்த வகைச் சுவிட்சுகள் பெரும்பாலும் 2.4 மட்டும் அறிந்தவை. ஸ்மார்ட் கனெக்ட் என்று இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் ஒட்டும் வசதியை அணைத்து, 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்று இருந்தால் 2.4-இல் மட்டும் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். போனையும் அந்த 2.4 பெயரில் சேர்த்துவிட்டு, பிறகு சுவிட்சைச் சேருங்கள். மோட்டார் கீழேதானே? அப்படியானால் ஓஎன்டியின் பழைய வைஃபையிலேயே சுவிட்சை விட்டுவிடலாம், அதுவே எளிது. இரண்டும் ஒரே நெட்வொர்க் என்பதால் மாடியிலிருந்தும் இயக்கலாம்.

கடவுச்சொல் இல்லாமல் பொத்தானையோ சின்ன எண்ணையோ வைத்து வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். ரௌட்டர் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

பாளை கணக்கு டீச்சர்:
ஒயர் அடித்தாயிற்று, எட்டு விளக்கும் எரிந்தது. மாடியில் 190-ஐ ஒட்டி வருகிறது. சேனல் 36-இல் போட்டபின் பெயர் மறையவே இல்லை. சுவிட்சைக் கீழே பழைய வைஃபையிலேயே விட்டுவிட்டேன், மாடியிலிருந்து மோட்டார் போட முடிகிறது. நேற்று தொகையீடு முழுப் பாடமும் ஒரு வெட்டு இல்லாமல் போனது. பிள்ளைகள் சார்பாகவும் மூவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கரண்ட் போனால் கீழே இன்வெர்ட்டரில் ஓஎன்டி ஓடுகிறது, மாடி அறைக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லை. வகுப்பு நடுவில் போனால்?

தேனி ஒயர்மேன்:
ரௌட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள் அக்கா, அது போதும். உங்கள் ரௌட்டர் அடாப்டரில் வெளியீடு என்ற வரியைப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 1.5 ஆம்பியர், 9 வோல்ட் என்று மாடலுக்கு மாடல் மாறும். வோல்ட் அப்படியே பொருந்தவேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். பின் அளவும் பொருந்துகிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரௌட்டர் மட்டும் தாக்குப்பிடித்தால் வகுப்பு நிற்காது.